வலப்பக்கத்துச் சந்து

அந்தப் புதன்கிழமைக் கூட்டத்துக்கு வராமல் இருந்துவிடலாம் என்றுதான் போல்தோ நினைத்திருந்தான். அவன் கடைக்கு இலோயிலோ நகரத்திலிருந்து பன்றித் தீவனம் ஏற்றிய லாரி வரவேண்டியிருந்தது. நான்தான் இரண்டு தடவை போன் பண்ணி வற்புறுத்தினேன். எங்கள் ஊர் சேவைக் கழகத்துக்கு நான் செயலாளர். பேச வருகிறவர் ஒரு கண் அறுவை மருத்துவர், நகரத்திலிருந்து மூன்று மணி நேரம் பஸ்ஸில் வருகிறார், பாதி நாற்காலி காலியாகக் கிடந்தால் நன்றாகவா இருக்கும் என்றேன். "சோறு உண்டுதானே?" என்று கேட்டுவிட்டு வந்து சேர்ந்தான்.

அவன் முழுப்பெயர் லியோபோல்தோ வில்யாருஸ். சந்தைக்கு எதிரே அவனுடைய தீவனக் கடை, இந்தப் பக்கம் என்னுடைய மருந்துக் கடை. என் மூத்த மகளுக்கு அவன் ஞானத்தகப்பன். அதனால் முப்பது வருஷமாக அவன் என்னையும் நான் அவனையும் 'பாரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அறுபத்தொரு வயது. பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. புயலடித்தால் முதல் அரிசி மூட்டை அவன் கடையிலிருந்துதான் போகும்.

படகுத்துறை உணவகத்தின் மாடியில் கூட்டம். வழக்கம்போல ஜெபம், தேசிய கீதம், கழகப் பாடல். பொருளாளருக்குப் பிறந்தநாள் என்று எல்லோரும் எழுந்து கைதட்டிப் பாடினோம். சுட்ட கோழியும் பன்சித் நூடுல்ஸும் சோறும் வந்தன. கூட்டம் தூங்கிவிடாமல் கேலி பேசுவதற்கென்றே எங்கள் கழகத்தில் ஒரு பதவி உண்டு. அந்த வருஷம் அது மாட்டு வைத்தியர் தித்தோவிடம் இருந்தது. வந்தவர்களையெல்லாம் அவர் ஒரு பாட்டம் வாரிவிட்டுத்தான் டாக்டரைப் பேச அழைத்தார்.

டாக்டர் ஹெர்மினியா பலாதோவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான பெண்மணி. சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டி, கண்புரை அறுவை எப்படி நடக்கிறது என்று படம் காட்டினார். முன்வரிசையில் ஒருவர் மீன் சூப்பைத் தள்ளி வைத்தார். புரை விழுந்தவர்களுக்குப் பத்து நிமிஷ வேலையில் பார்வை திரும்பும், அவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பயமில்லை என்றார். கைதட்டினோம். அதோடு முடித்திருந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்திருப்போம்.

ஆனால் அவர் இன்னொரு நோயைப் பற்றிச் சொல்லத்தான் முக்கியமாக வந்தாராம். கண்ணுக்குள் நீரின் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் நோய். வலி இருக்காது. நேரே இருப்பது கடைசிவரை பளிச்சென்று தெரியும். ஓரங்கள்தான் முதலில் போகும், போவதும் தெரியாது, ஏனென்றால் அந்த இடத்தில் இருட்டு விழுவதில்லை, மூளை அதைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். போன பார்வையை எந்த அறுவையாலும் மீட்க முடியாது. மிச்சம் இருப்பதைத்தான் காப்பாற்றலாம்.

"இவங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா?" என்று கேட்டார். "பேச்சுலேயே தெரிஞ்சிடும். நாய் திடீர்னு கால்ல வந்து விழுந்துச்சும்பாங்க. கதவு வந்து இடிச்சுதும்பாங்க. அந்த வண்டி எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியலைம்பாங்க."

நான் கூட்டத்தின் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். கடைசி வாக்கியத்தை எழுதும்போது என் கை நின்றது. நிமிர்ந்து போல்தோவைப் பார்த்தேன். கோழி எலும்பைக் கடித்துக்கொண்டு சாவதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

செய்து காட்டுவதற்கு யாராவது ஒருவர் வரவேண்டும் என்றார் டாக்டர். தித்தோ உடனே ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"எங்க போல்தோவைக் கூப்பிடுங்க டாக்டர். ரெண்டு மாசமா நான் கை நீட்டினாலும் கண்டுக்காம போறார். கண்ணுல கோளாறா, உடம்புல கொழுப்பான்னு இன்னைக்குத் தெரிஞ்சுடணும்."

எல்லோரும் சிரித்தார்கள். போல்தோவும் சிரித்தபடி வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். போகிற வழியில் ஒரு நாற்காலியில் இடித்தான். அதற்கும் சிரிப்பு.

டாக்டர் அவனைத் தன் எதிரே நிறுத்தி, இடது கண்ணை உள்ளங்கையால் மூடச் சொன்னார். "என் மூக்கையே பாருங்க. ஓரத்துல என் விரல் ஆடுறது தெரிஞ்சதும் 'தெரியுது'ன்னு சொல்லுங்க." விரலை அவன் வலது காதுக்குப் பின்னாலிருந்து மெல்ல முன்னே கொண்டுவந்தார். காதைத் தாண்டியது. கன்னத்தைத் தாண்டியது. ஆடுகிற அந்த விரலை நாங்கள் நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் சொல்லவில்லை.

"அந்த மூக்கை விட்டு அவர் கண்ணு நகராது டாக்டர்" என்றார் தித்தோ. மறுபடி சிரிப்பு. போல்தோ வேடிக்கை காட்டுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். விரல் ஏறக்குறைய அவருடைய மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் அவன் "தெரியுது" என்றான்.

டாக்டர் சிரிக்கவில்லை. மறுபடி செய்தார். மூன்றாம் தடவையும் செய்தார். பிறகு இடது கண்ணுக்கும். அது பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது, ஆனாலும் எங்களில் யாருக்கும் விரல் அவ்வளவு தாமதமாகத் தெரிந்திருக்காது. சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. 

அவர் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனால் ஒலிபெருக்கி கையிலேயே இருந்தது. "சார், நீங்க வண்டி ஓட்டறீங்களா?"

"நாப்பது வருஷமா."

"இன்னைக்கு ஓட்ட வேண்டாம்."

அதன் பிறகு நன்றியுரை. டாக்டருக்குச் சான்றிதழும் ஒரு கூடை மாம்பழமும் கொடுத்தோம். எல்லோரும் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். போல்தோ ஓரத்தில் நின்றான். படத்தில் அவன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கீழே வந்ததும் வண்டிச் சாவியை என்னிடம் நீட்டினான். அவன் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தோம். நான் வண்டியைக் கிளப்பப் போகையில் கையைப் பிடித்தான்.

"பாரே, அந்தப் பையன் எந்தப் பக்கத்துலேருந்து வந்தான்?"

எந்தப் பையன் என்று நான் கேட்கவில்லை.

அது இரண்டு வருஷத்துக்கு முந்தைய பிப்ரவரி. அலையாத்திக் கன்று நடுவதற்காகக் கழகத்தின் மஞ்சள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு காலை ஏழு மணிக்கு இதே வண்டியில் போய்க்கொண்டிருந்தோம். அறுவடை முடிந்த சமயம். பாதிச் சாலையில் நெல் காய்ந்தது. அதனால் போல்தோ மெதுவாகத்தான் ஓட்டினான். எங்கள் ஊர் வண்டிகளில் ஓட்டுகிறவர் இருக்கை இடப்பக்கம்; நான் வலப்பக்கத்தில் உட்கார்ந்து கழகத் தேர்தலைப் பற்றி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தேன். வலப்பக்கத்து ஜெபக்கூடத்தை ஒட்டிய சந்திலிருந்து தியோனெல் வந்தான். இருபத்திரண்டு வயது. பேக்கரிக்காக மோட்டார் சைக்கிளில் ரொட்டி கொண்டுபோகிறவன். சந்து முனையில் ஒரு கால் ஊன்றி நின்றான். எங்களைப் பார்த்தான். வண்டி மெதுவாக வருவதால் வழிவிடுகிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். சாலையில் ஏறினான். போல்தோ பிரேக் போடுவான் என்று நான் என் கதையைத் தொடர்ந்தேன். அவன் போடவில்லை. நெல்லின் மேல் முழுக்க ரொட்டி சிதறிக் கிடந்தது. பையன் மாகாண மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான்.

விசாரித்த போலீஸ்காரர் கேள்வியிலேயே பதிலையும் வைத்திருந்தார். "திடீர்னு குறுக்க பாய்ஞ்சானா சார்?" ஆமாம் என்றேன். கழகத்தில் இருந்த வக்கீல் அதை நல்ல வாக்கியங்களாக எழுதினார். கையெழுத்துப் போட்டேன். போல்தோவும், எங்கிருந்து வந்தான் என்றே தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தான். அவன் சொன்னது உண்மை. சவப்பெட்டிச் செலவும் சாவு வீட்டுச் சாப்பாடும் அவனே பார்த்துக்கொண்டான். அதற்காக அடுத்த புதன்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று கைதட்டினோம்.

ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் பையனின் அப்பா வென்சிங் போல்தோவின் கடைக்கு வந்தார். மீன் பிடிக்கிறவர். இரண்டு சேவல்களைக் கால் கட்டிக் கொண்டுவந்திருந்தார். வண்டியின் விளக்கு உடைந்ததற்குத் தன்னால் முடிந்தது இவ்வளவுதான், பையன் செய்ததை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். போல்தோ அவரைக் கட்டிக்கொண்டு அழுதான். நான் என் கடை வாசலில் நின்று அதைப் பார்த்தேன்.

இதெல்லாம் ஒரு நிமிஷத்தில் மனசில் ஓடியது. "வலப்பக்கம்" என்றேன்.

"நீ பார்த்தியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். முப்பது வருஷப் பழக்கம். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "பார்த்தேன்."

"எப்போ?"

"ஜெபக்கூடத்துக்கிட்ட அவன் நிக்கும்போதே."

"நின்னானா?"

"நின்னுட்டுத்தான் வந்தான்."

"அப்போ ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீயும் பார்த்திருப்பேன்னு நினைச்சேன், பாரே."

"அப்புறம்? போலீஸ்ல?"

 நண்பனைக் காப்பாற்றினேன் என்று இரண்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிவந்தேன். அவன் கவனிக்காமல் ஓட்டிவிட்டான், அதை மறைத்துவிட்டோம் என்று நினைத்தேனே தவிர, ஏன் கவனிக்கவில்லை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மருந்துக் கடை வைத்திருக்கிறவன் நான். அன்றைக்கே யோசித்து அவனை ஒரு கண் மருத்துவரிடம் அனுப்பியிருந்தால் அவன் கண்ணாவது மிஞ்சியிருக்கும்.

அவன் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டான். "ஓட்டு" என்றான்.

மூன்று நாள் கடைக்கு வரவில்லை. அவன் மனைவி லிதா போன் பண்ணி, ஆள் சாப்பிடவில்லை, பேசவில்லை, வெள்ளிக்கிழமை தனியாகப் போலீஸ் நிலையத்துக்கு நடந்துபோய்விட்டு வந்தார் என்றாள். அங்கே என்ன நடந்தது என்று பிறகு தெரிந்தது. அது எப்போதோ முடித்துவைத்த கேஸ், பையன் வீட்டார் கையெழுத்திட்ட சமரசக் காகிதம் இருக்கிறது, வேண்டுமானால் ஓட்டுநர் உரிமத்தை ஒப்படைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், வென்சிங் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போ என்றான்.

"வேண்டாம் பாரே. அவங்க ஒருவழியா ஆறிப்போயிட்டாங்க. இப்போ போய் எதுக்குக் கிளறணும்?"

"ஆறினது அவங்களா, நாமளா?"

கூட்டிப்போனேன். கடற்கரையில் மூங்கிலும் தகரமுமான வீடு. வென்சிங் படகின் பக்கவாட்டு மூங்கிலை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் மனைவி அடெலா பெஞ்சைத் துடைத்துப் போட்டு, காப்பி கலக்க உள்ளே போனாள். போல்தோ உட்காரவில்லை. அந்த அம்மாவும் இருக்கட்டும் என்றான். அவள் கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

போல்தோ சுருக்கமாகத்தான் சொன்னான். தன் கண்ணில் வியாதி, பல வருஷமாக இருந்திருக்கிறது, வலப்பக்கமே தனக்குத் தெரிந்திருக்காது, உங்கள் பையன் மேல் எந்தத் தப்பும் இல்லை, தப்பெல்லாம் என் மேல்தான் என்றான். கேட்டுக்கொண்டிருந்த வென்சிங் புரியாதவர்போல் இரண்டு தடவை தலையாட்டினார்.

"அப்போ அவன் குறுக்க பாயலையா சார்?"

"இல்லை."

"சாரும் அன்னைக்குப் பக்கத்துல இருந்தீங்களே" என்று அவர் என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குள் போல்தோ முந்திக்கொண்டான்.

"இவன் குனிஞ்சு போனைப் பார்த்துக்கிட்டிருந்தான். இவனுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொன்னதைத்தான் போலீஸ்லயும் சொன்னான்."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

வென்சிங் மணலில் உட்கார்ந்துவிட்டார். அடெலாதான் பேசினாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை.

"தினமும் அவனைத் திட்டியிருக்கேன் சார். சோறு வடிக்கையில, துணி துவைக்கையில, ஏண்டா பார்த்து வரலை, ஏண்டா எங்களை இப்படிப் பண்ணினேன்னு. ரெண்டு வருஷமா செத்த பிள்ளையைத் திட்டியிருக்கேன். கல்லறைக்கு மெழுகுவத்தி கொண்டு போனாலும் திட்டிக்கிட்டேதான் கொளுத்துவேன். இப்போ அதையெல்லாம் எங்க போய்த் திரும்ப வாங்கிக்கிறது?"

போல்தோ மண்டியிடப் போனான். வென்சிங் எழுந்து அவன் கையைப் பிடித்துத் தடுத்தார். பிடித்த கையை உடனே விட்டும்விட்டார்.

"அன்னைக்கு நான் உங்க கடையில வந்து மன்னிப்புக் கேட்டேன்" என்றார். "என் பிள்ளைக்காகக் கேட்டேன்."

"ஞாபகம் இருக்கு."

"போயிட்டு வாங்கன்னு சொல்ல மாட்டேன் சார். போங்க."

திரும்பும் வழியில் மணலில் கிடந்த நங்கூரக் கயிறு போல்தோவுக்குத் தெரியவில்லை. விழப்போனவனை நான் பிடித்துக்கொண்டேன். ஏன் எனக்காகப் பொய் சொன்னாய் என்று கேட்டேன். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு வண்டிவரை நடந்தான்.

அடுத்த மாதம் இலோயிலோவில் டாக்டர் பலாதோ எல்லாச் சோதனைகளையும் செய்தார். வலது கண்ணில் ஊசித் துவாரம் அளவுதான் மிச்சம், அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்றார். இடது கண்ணில் பாதி இருக்கிறது. நீர் வடிய வழி செய்து அழுத்தத்தைக் குறைத்தால் அது நிற்கலாம். போல்தோ வேண்டாம் என்றான். இதை வைத்துக்கொண்டு இனிமேல் எதைப் பார்க்கப் போகிறேன் என்றான். லிதா அவன் காலடியில் உட்கார்ந்து கெஞ்சிய பிறகுதான் சம்மதித்தான்.

அறுவை நன்றாகவே நடந்தது. ஆறு வாரம் அழுத்தம் இறங்கியிருந்தது. லிதா தேவாலயத்தில் நேர்த்திக்கடன் செலுத்தினாள். பிறகு போட்ட வழி தழும்பேறி மூடிக்கொண்டது. மறுபடி திறந்தார்கள். அதுவும் மூடியது. மூன்று வருஷம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் என்னிடம் தாழ்வாரத்தில் சொன்னார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விபத்துக்கும் சில மாதம் முன்னால். அடுத்த மழைக்காலத்தில் போல்தோவுக்கு வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரிந்தது. அதன் அடுத்த வருஷம் அதுவும் தெரியவில்லை.

கழகம் இப்போது ஓட்டுநர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனை முகாம் நடத்துகிறது. நல்ல காரியம்தான். முதல் முகாமிலேயே இரண்டு பேரைக் கண்டுபிடித்து மருத்துவம் பார்த்தோம். ஏற்பாடு செய்ததற்காக மாவட்டக் கூட்டத்தில் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். தித்தோ கேலிப் பதவியை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். போல்தோ கூட்டத்துக்கு வருவதில்லை. கடையை லிதாதான் பார்த்துக்கொள்கிறாள். அவன் உள்ளே, மூட்டைகளுக்கு நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

மத்தியானம் என் கடையைச் சாத்திவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்காருவேன். ஒருநாள், வென்சிங்கிடம் போய் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

"சொன்னா உனக்கு லேசாயிடும்" என்றான். "அவங்களுக்கு என்ன ஆகும்? எனக்கு லேசாகும்னுதான் நான் போனேன் பாரே. ஆகலை. அந்த அம்மா நின்ன நிலைதான் கண்ணுக்குள்ள இருக்கு. அதுக்கு மட்டும் பார்வை போகலை."

போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் சென்ற வாரம் மீன் இறங்கும் இடத்தில் வென்சிங்கைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், அவரே கூப்பிட்டார். முன்னைவிட முதுகு வளைந்திருந்தது. போல்தோவின் பெயரை அவர் எடுக்கவில்லை. அடெலா இப்போது யாரோடும் பேசுவதில்லை, கல்லறைக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள் என்றார். கூடையிலிருந்து நல்ல மீனாக இரண்டு பொறுக்கி இலையில் சுற்றினார்.

"உங்க மேல எனக்கு வருத்தமில்ல சார்" என்றார். "நீங்க பார்க்கவே இல்லையே. பார்த்திருந்தா சொல்லியிருப்பீங்க."

மீனை வாங்கிக்கொண்டேன். காசு கொடுத்தேன். சில்லறைக்காகக் காத்திருந்தபோது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவர் சில்லறையை எண்ணி என் கையில் வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பினார்.